பழைய இரு சில்லு உழவு யந்திரம்: பழுதா, பட்டினியா?

கண்டி மாவட்டத்தில் பெரும்போகத்திற்கான உழவு ஐப்பசி மழையுடன் தொடங்குவது வழக்கம். உடுநுவர, யட்டிநுவர, ஹாரிஸ்பத்துவ முதலிய பகுதிகளில் மலைச்சரிவுகளுக்கிடையே படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு நான்கு சில்லுப் பெரிய யந்திரம் செல்ல வழியில்லை. எருமை பூட்டி உழுவோர் தொகையும் அருகிவிட்டது. ஆகவே நீர் திறந்துவிடப்படும் சில கிழமைகளுள் அவ்வயல்களை உழுது சேறாக்கித் தருவது பெரும்பாலும் இரு சில்லு உழவு யந்திரமே. நீர் விடும் நாள், உழவு முடிக்கும் நாள், விதைக்கும் நாள் ஆகியன போக ஆரம்பக் கூட்டத்தில் எல்லோரும் கூடித் தீர்மானிப்பவை. ஒருவருடைய யந்திரம் நின்றுவிட்டது என்பதற்காக வாய்க்கால் காத்திராது. மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் விதைத்து முடித்த பின்னர் இடையில் ஒரு துண்டு மட்டும் பிந்தி விதைக்கப்படுமாயின், அது பிந்தியே கதிர் தள்ளும். சுற்றிலும் அறுவடை முடிந்தபின் எலியும் பறவையும் பூச்சியும் அந்தத் துண்டையே நாடும்.

இத்தகைய நாளொன்றில் பழைய யந்திரம் இயங்க மறுத்தால் நடப்பது யாவர்க்கும் தெரிந்ததே. உரிமையாளர் கை சோரும்வரை சுழற்றுவார். அயலார் இருவர் வந்து சுழற்றிப் பார்ப்பர். பின்னர் கராஜுக்கு ஆள் அனுப்பப்படும். அதே கிழமையில் வேறு பல யந்திரங்களும் அங்கே காத்திருக்குமாதலால், திருத்துபவர் வந்து சேர இரண்டு மூன்று நாட்கள் செல்லும். வந்தவர் அவசரத்தில் டீசல் பம்பைக் கழற்றுவார். அல்லது எஞ்சினின் தலைப்பாகத்தைத் திறப்பார். திறந்ததை மூடுவதற்குப் புதிய பாகங்கள் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். இவ்வளவுக்கும் பின்னர் "இது பழசாகிவிட்டது, இனி உதவாது" என்ற தீர்ப்பும் சில வேளைகளிற் கிடைக்கும். அத்தீர்ப்பை நம்பி யந்திரத்தை இரும்பு விலைக்குக் கொடுத்து, தவணைக் கடனிற் புதியதொன்றை வாங்கி, அக்கடனை அடைப்பதற்காகவே அடுத்தடுத்த போகங்களைச் செய்யும் நிலைக்கு வந்தவரும் உளர்.

இத்தீர்ப்புப் பல வேளைகளிற் பிழையானது. பழைய எஞ்சின் எளிதில் இறப்பதில்லை. அது பட்டினி கிடக்கிறது. சுத்தமான காற்று, சுத்தமான டீசல், போதிய நீர், போதிய எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்று குறைந்திருக்கும். எது குறைந்துள்ளதென்பதைக் கண்டறிய இரண்டு மூன்று ஸ்பானர்களும், ஒரு கண்ணாடிப் போத்தலும், ஒரு துண்டு வெள்ளைத் துணியும், அரை மணி நேரப் பொறுமையும் போதும். செலவில்லாத சோதனையை முதலிலும், சிறு செலவுள்ளதை அடுத்தும், பாகம் கழற்றுவதை இறுதியிலும் செய்தல் வேண்டும் என்பதே சரியான முறை. நடைமுறையிலோ இது தலைகீழாகவே நடந்து வருகிறது.

இந்த யந்திரத்துக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. 1950களில் இரு சில்லு உழவு யந்திரத்தைச் சிறு வயல்களுக்கேற்ப வடிவமைத்தவர்களுள் முக்கியமானவர் ரே விஜேவர்தன என்னும் இலங்கைப் பொறியியலாளர். அவருடைய வடிவமைப்பு இங்கிலாந்தில் 'லான்ட்மாஸ்ரர்' என்ற பெயருடன் உற்பத்தியாகிப் பல நாடுகளுக்குச் சென்றது. அந்தப் பெயர் தமிழ்க் கமக்காரரிடையே எவ்வளவு ஊன்றியதென்றால், வேறு நாட்டில் வேறு கம்பனி செய்த இரு சில்லு யந்திரத்தையும் வடபகுதியில் இன்றும் 'லான்ட்மாஸ்ரர்' என்றே அழைக்கின்றனர். விஜேவர்தன பிற்காலத்தில் தமது படைப்பையே கேள்விக்குள்ளாக்கினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. யந்திரம் உழவை விரைவாக்கியதே தவிர விளைச்சலைக் கூட்டவில்லை என்று அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, மண்ணைக் காக்கும் விவசாய முறைகளின்பால் தம் கவனத்தைத் திருப்பினார். 2010 இல் அவர் காலமானார்.

அவருடைய ஐயம் நியாயமானதே. எருமை தன் இனத்தைத் தானே பெருக்கும். பாலும் சாணமும் தரும். யந்திரம் பழுதாவதன்றி எதையும் ஈனாது. ஆனால் எருமை ஏறக்குறைய மறைந்துவிட்ட படிவயல்களில், யந்திரம் வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது இடமில்லை. இருக்கும் யந்திரத்தின் ஆயுளை எப்படி நீட்டலாம் என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

இன்று கண்டிப் பகுதிக் கொட்டகைகளிற் காணப்படும் பழைய யந்திரங்கள் பெரும்பாலும் ஜப்பானியக் குபோட்டா வகையையோ, சீனாவிலிருந்து வந்த வகைகளையோ சேர்ந்தவை. இவற்றின் எஞ்சின் படுக்கையாக அமைந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். சீன எஞ்சின்களுட் பரவலான எஸ்.195 என்பதன் இலக்கத்துக்கும் பொருளுண்டு. முதல் 1 ஒற்றைச் சிலிண்டரைக் குறிக்கும். 95 சிலிண்டரின் உள்விட்டத்தை மில்லிமீற்றரிற் குறிக்கும். ஏறக்குறைய 12 குதிரைவலு உடையது அது. உதிரிப்பாகக் கடைக்குச் செல்பவர் யந்திரத்தின் நிறத்தைச் சொல்லிப் பாகம் கேட்பதைவிட எஞ்சின் தகட்டிலுள்ள இந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்பது நன்று. நிறத்தை எவரும் பூசலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்ரன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அவ்வமுக்கத்தினாற் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அந்த வெப்பத்தினுள் நொசில் வழியே டீசல் மென்தூறலாகப் பீச்சப்பட்டவுடன் எரிகிறது. எஞ்சினின் இரகசியம் இவ்வளவே. எனவே இயங்காத எஞ்சினிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. டீசல் போய்ச் சேர்கிறதா? காற்றுப் போகிறதா? அக்காற்று நன்கு அமுக்கப்படுகிறதா?

டீசலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், தொல்லைகளிற் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. தாங்கியில் டீசல் இருப்பது மட்டும் போதாது. இவ்வகை எஞ்சின்களிற் பலவற்றில் டீசல் தன் பாரத்தினாலேயே கீழிறங்கி வடிகட்டிக்குச் செல்கிறது. தாங்கியிற் கால்பங்கு மட்டும் இருக்கும்போது, வரம்பொன்றைக் கடப்பதற்காக யந்திரத்தைச் சரித்தால், வெளிவாய் டீசலுக்கு மேலாகி, குழாய்க்குட் காற்றுப் புகும். சமதரை வயலில் இது அரிது. கண்டியின் படிவயல்களில் இது அடிக்கடி நிகழ்வது. வரம்பு தாண்டியவுடன் எஞ்சின் திணறி நின்றால், சந்தேகிக்க வேண்டியது பம்பையன்று, குழாய்க்குட் புகுந்த காற்றையே.

அக்காற்றை வெளியேற்றுவது எளிது. தாங்கியை நிரப்பி, குழாய்வாயைத் திறந்து, வடிகட்டியிலோ பம்பிலோ உள்ள காற்றுத் திருகாணியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். முதலிற் குமிழிகள் கலந்த டீசல் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் ஒழுகத் தொடங்கியதும் திருகாணியை இறுக்கிவிடலாம். பின்னர் நொசிலுக்குச் செல்லும் தடித்த குழாயின் மூட்டை ஓரிரு புரி தளர்த்தி, எஞ்சினைச் சுழற்றினால் அங்கே டீசல் துடித்துத் துடித்து வெளிவரும். வந்தவுடன் மூட்டை இறுக்க வேண்டும். இவ்வாறு டீசல் வருமாயின் பம்பு உயிருடனுள்ளது என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பம்பைக் கழற்ற எவரையும் அனுமதிக்கலாகாது. பம்பின் உள்முளைக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு சில பங்கேயாகும். திறந்த வெளியில், சேறு படிந்த கையால் அதனைத் திறந்து மூடினால், நல்ல பம்பும் கெட்ட பம்பாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கழற்றிய நொசிலின் வாய்க்கு முன்னே கையையோ முகத்தையோ கொண்டு செல்லலாகாது. வளிமண்டல அமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்துடன் வெளிவரும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். புகுந்த இடம் ஊசி குத்தியது போலச் சிறிதாகவே தோன்றும். வலியும் உடனே தெரியாதிருக்கலாம். ஆயினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தாமதித்தால் விரலை இழக்க நேரிடும்.

டீசலினுட் கலந்திருக்கும் நீர் மற்றொரு பகை. பாதி வெறுமையான தாங்கியில், மழைக்கால இரவுகளில், காற்றின் ஈரம் உட்சுவரிற் படிந்து துளித்துளியாக அடியில் தேங்கும். பல மாதம் கொட்டகையிற் கிடந்த யந்திரம் முதலிற் சில விநாடி ஓடிப் பின்னர் வெண்புகை கக்கி நின்றால், தாங்கியின் அடியிலிருந்து சிறிதளவு டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, கால் மணி நேரம் அசையாது வைத்துப் பார்க்கலாம். நீர் அடியிலும் டீசல் மேலுமாகப் பிரிந்து நிற்கும். 2022 இல் நாடு எரிபொருள் நெருக்கடியிற் சிக்கியபோது கிடைத்த டீசலைப் பழைய கலன்களிற் சேமித்து வைத்தனர்; மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் பழக்கமும் சில இடங்களிற் பரவியது. டீசலுக்கு உள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்குப் போதியளவு இல்லை. பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே மசகு. அது குறைந்தால் அவை தேயும். தவிர்க்கமுடியாத நிலையிற் செய்ததைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் கலப்பு மலிவானதென்று கருதி அதனைத் தொடர்வது, உழவுச் செலவிற் சில ரூபாவை மிச்சம் பிடித்து ஒரு பம்பின் விலையைக் கொடுப்பதாகும்.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாங்கி மூடியில் ஊசித் துவாரம் ஒன்று உண்டு. டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே செல்ல வேண்டும். சேறு அதனை அடைத்துவிட்டால் எஞ்சின் இருபது நிமிடம் ஒழுங்காக ஓடி, மெல்ல மெல்ல இளைத்து நின்றுவிடும். சிறிது நேரம் விட்டுச் சுழற்றினால் மீண்டும் ஓடும். இந்த விளையாட்டைக் கண்டு நொசிலை மாற்றியவரும் உளர். நின்றவுடன் மூடியைத் திறந்து பார்த்தால் 'சீ' என்று காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்கும். ஒரு மெல்லிய கம்பியே அதற்குரிய மருந்து.

அடுத்தது காற்று. பழைய யந்திரங்களில் உள்ள காற்று வடிகட்டி பெரும்பாலும் எண்ணெய்க் கிண்ணம் கொண்டது. உள்வரும் காற்றின் தூசு எண்ணெயிற் படிந்து தங்கிவிடும். கிண்ணத்தில் ஒரு கோடு உண்டு. எண்ணெய் அக்கோட்டில் நிற்க வேண்டும். குறைந்தால் தூசு உட்சென்று சிலிண்டரை அரைக்கும். கூடினால் அதைவிடப் பேராபத்து உண்டு. எஞ்சின் அந்த எண்ணெயையே இழுத்து எரித்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல், வேகம் கட்டுமீறி ஓடக்கூடும். அவ்வேளை காற்றுப் புகும் வாயைத் தடித்த மரப்பலகையால் அடைத்தே அதனை நிறுத்த வேண்டும். கையால் அடைக்க முயல்வது கூடாது. உழவுக் காலத்தில் மட்டுமன்றி, வைக்கோல் இழுக்கும்போதும் சூடடிக்கும்போதும் கிண்ணத்தை அடிக்கடி திறந்து பார்ப்பது நன்று. அப்போதுதான் தூசு மிகும்.

மலைநாட்டில் எஞ்சின் இயங்காதது 'உயரத்தினால்' என்று சொல்லக் கேட்பதுண்டு. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஐந்து பங்களவே குறைகிறது. நல்ல எஞ்சின் அதனை உணரவும் மாட்டாது. 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவுக்கு அதே யந்திரத்தை மரக்கறித் தோட்ட வேலைக்குக் கொண்டு சென்றால் கதை வேறு. அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலு குறையும். பாரம் ஏறினால் கரும்புகை தள்ளும். அது பழுதன்று. பாரத்தைக் குறைத்து உழுவதே அங்கு வழி.

மூன்றாவது அமுக்கம். இதனை அறிவதற்குக் கருவி தேவையில்லை. அமுக்கம் தளர்த்தும் நெம்பை விடுத்து எஞ்சினை மெல்லச் சுழற்றினால் ஓரிடத்திற் கை தடைபட வேண்டும். வில்லைப் போல எதிர்த்துத் தள்ள வேண்டும். தடையின்றி வழுக்கிச் சுழலுமாயின் அமுக்கம் எங்கோ ஒழுகுகிறது. அப்போது காற்று வாய்வழியாக ஒரு மேசைக் கரண்டி அளவு எஞ்சின் எண்ணெய் விட்டு, பலமுறை மெல்லச் சுழற்றிப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். எதிர்ப்புக் கூடினால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துள்ளன. கூடாவிட்டால் குற்றம் வால்விலோ தலைப்பாகத்தின் கஸ்கற்றிலோ உள்ளது. வால்வு இடைவெளி தவறியிருப்பதும் அமுக்கம் குறைவதற்குக் காரணமாகும். அதைச் சீர்செய்வது திருத்துபவருக்கு அரை மணி நேர வேலை. சுழற்றும்போது பெருவிரலை மற்றைய விரல்களின் பக்கமே வைத்துப் பிடித்தல் வேண்டும். எஞ்சின் பின்னுதைத்தால் எதிர்ப்பக்கப் பெருவிரல் முறிந்துபோகும்.

ஓடும் எஞ்சின் தன் நோயைப் புகையாற் சொல்லும். கரும்புகை, டீசலுக்கேற்ற காற்று இல்லை என்பதைக் காட்டுகிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம்; அல்லது பாரம் மிகுந்திருக்கலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம்; வளையம் தேய்ந்ததா, எண்ணெய் அளவு மிகுந்ததா என்று பார்க்க வேண்டும். வெண்புகை காலைக் குளிரிற் சிறிது நேரம் வந்து மறைந்தால் கவலையில்லை. சூடேறிய பின்னரும் தொடர்ந்தால் டீசல் முழுமையாக எரியவில்லை. அல்லது நீர் எங்கிருந்தோ உட்செல்கிறது. எண்ணெய் அளவுக் கோலை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் இதிற் பாதி தெளியும். பால் கலந்த தேநீர் போன்று தோன்றினால் எண்ணெயில் நீர் புகுந்துள்ளது. அந்நிலையில் ஒரு நிமிடமும் ஓட்டலாகாது. எண்ணெய் ஊற்றாமலே அளவு கூடியிருந்தாலும் அவ்வாறே. டீசல் அல்லது நீர் கீழே ஒழுகிச் சேர்ந்துள்ளது. வெறுமனே கறுத்திருப்பது இயல்பு. எனினும் ஏறக்குறைய 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது வழக்கமாக வேண்டும். குறைந்த எண்ணெய்க்கு மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே போவது மாற்றுவதாகாது.

நீர்த் தொட்டியுள்ள எஞ்சினில் நீர் கொதித்து ஆவி எழுவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அது அவ்வகையின் இயல்பு. ஆவியாகிய அளவை நிரப்பிக்கொண்டிருந்தாற் போதும். வயலிலுள்ள சேற்று நீரை மொண்டு ஊற்றுவதுதான் தவறு. சேறு உட்சுவரிற் படிந்து சூட்டைத் தடுக்கும். சில போகங்களில் எஞ்சின் காரணமின்றிக் காய்வது போலத் தோன்றும். நீர் முற்றாக வற்றி எஞ்சின் காய்ந்துவிட்டால், குளிர்நீரை உடனே ஊற்றுதல் கூடாது. சூடான வார்ப்பிரும்பு வெடித்துவிடும். நிழலில் விட்டு ஆறிய பின்னரே ஊற்றலாம். அந்த ஒரு மணி நேரப் பொறுமையின் விலை ஒரு சிலிண்டரின் விலைக்குச் சமம்.

எஞ்சின் நன்றாக ஓடியும் யந்திரம் சேற்றில் நகராவிட்டால் எஞ்சினைக் குறைகூறுவது பொருத்தமன்று. பெல்ற் தளர்ந்தோ நனைந்தோ வழுக்குவதை முதலிற் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின் பெல்ற்றின் நடுவில் விரலால் அழுத்தினால் சிறிதே தாழ வேண்டும். தேய்ந்து மினுங்கும் பெல்ற்றுக்குப் பதிலாக எஞ்சினைத் திறந்து பார்த்துச் செலவழித்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

கண்டிப் பகுதியில் எஞ்சின்களை உண்மையாகத் தேய்ப்பது உழவன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உழவு முடிந்ததும் அதே யந்திரத்திற் பெட்டி பூட்டி, மணலும் செங்கல்லும் மரக்கறி மூடைகளும் ஏற்றி, கட்டுகஸ்தோட்டைக்கும் குண்டசாலைக்கும் இடைப்பட்ட ஏற்றங்களிற் கரும்புகை தள்ள ஏறச் செய்கின்றனர். வருமானம் கிடைக்கிறது, உண்மை. அவ்வருமானத்தின் ஒரு பங்கு வளையமாகவும் நொசிலாகவும் திரும்பிப் போகிறது என்பதைக் கணக்கில் எழுதுபவர் அரிது. இறக்கத்திலோ உயிராபத்தும் உண்டு. சரிவில் இறங்கும்போது ஒரு பக்கத்துத் திருப்பும் நெம்பை அழுத்தினால் யந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை அறியாத புதியவரிடம் பெட்டி பூட்டிய யந்திரத்தைக் கொடுத்தல் ஆகாது.

மாரஸ்ஸன, ஹங்குரங்கெத்தைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிற் பயன்படும் சிறிய பெற்றோல் யந்திரங்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. பல மாதம் தாங்கியிற் கிடந்த பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைக்கும். எனவே நிறுத்திவைக்குமுன் பெற்றோலை வடித்துவிட வேண்டும். தீப்பொறிக் கட்டை நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறி இல்லை எனலாம். உலர்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. அநேகமாக இந்த ஒரு சோதனையே விடை சொல்லிவிடும்.

கமக்காரரின் வேலை பயிர் செய்வது. எஞ்சின் திருத்துபவரின் வேலையை அவர்மேற் சுமத்துவது ஏன் என்று கேட்கப்படலாம். திருத்துபவரின் தேவையை எவரும் மறுக்கவில்லை. வால்வு அரைப்பதும், வளையம் மாற்றுவதும், நொசிலின் அமுக்கத்தைக் கருவியிற் சரிபார்ப்பதும் பயின்றவர் கையாலேயே நடக்க வேண்டும். ஆனால் "எஞ்சின் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லி அழைப்பவருக்கும், "டீசல் நொசில்வரை வருகிறது, காற்று வடிகட்டி சுத்தம், அமுக்கம் இல்லை, எண்ணெய் விட்டதும் கூடுகிறது" என்று சொல்லி அழைப்பவருக்கும் கிடைக்கும் சேவை ஒன்றாயிராது. முன்னவரின் யந்திரத்தை ஊகத்தால் திறப்பர்; பின்னவருக்கு வளையத்துடன் வருவர். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பாகங்களின் விலை எவ்வாறு ஏறியதென்பதை அனுபவித்தவர்கள், ஊகத்துக்குப் பாகம் மாற்றுவது எவ்வளவு பெரிய வீண் என்பதை அறிவர்.

ஊர்க் கமக்காரர் அமைப்புகள் இதில் ஒரு சிறு பொறுப்பை ஏற்கலாம். ஒரு தொகுதி ஸ்பானர், வால்வு இடைவெளி பார்க்கும் தகடு, உபரியாக ஒரு டீசல் வடிகட்டி, இரண்டு பெல்ற் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைப்பது பெருஞ்செலவன்று. உழவுக்கு ஒரு மாதம் முன்னரே, புரட்டாதி மாதத்தில், ஊரிலுள்ள யந்திரங்கள் யாவற்றையும் ஒரு நாள் ஓரிடத்திற் கூட்டி இயக்கிப் பார்ப்பதற்கு விவசாயப் போதனாசிரியரின் உதவியைக் கேட்கலாம். பயிர்ப்பீடைக்கு வகுப்பு நடத்துவது போல எஞ்சினுக்கும் நடத்துவதிற் புதுமை ஒன்றுமில்லை. மகா இலுப்பள்ளமவில் உள்ள திணைக்களத்தின் பண்ணை யந்திர ஆராய்ச்சி நிலையம் புதிய கருவிகளை ஆராய்வது போற்றத்தக்கதே. ஆயினும் புதியதை அறிமுகம் செய்யும் அதே அக்கறை பழையதைப் பேணக் கற்பிப்பதிலும் காட்டப்படுதல் வேண்டும். சிறு கமக்காரரிற் பலரிடம் இருப்பது பழையதே.

எப்போது கைவிடலாம் என்ற கேள்விக்கும் விடை உண்டு. வளையம் மாற்றிய பின்னும் நீலப்புகை நில்லாது, சிலிண்டரின் உட்குழாயும் அச்சும் ஒருங்கே தேய்ந்து, அடிக்கூட்டிலும் வெடிப்புக் காணப்பட்டால், அந்த எஞ்சினுக்கு மேலும் பணம் இடுவது சரியன்று. அப்போதும் யந்திரம் முழுவதையும் இரும்பு விலைக்கு விட வேண்டியதில்லை. சில்லுப் பெட்டியும் கைப்பிடியும் கலப்பையும் நன்றாயிருந்தால் எஞ்சினை மட்டும் மாற்றுவது மலிவு. இம்முடிவைச் சோதனைகளின் பின்னரே, அதுவும் உழவு இல்லாத மாதத்தில் எடுப்பது நன்று. நீர் வந்த நாளில், வரம்பில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் விற்பவருக்கே இலாபமாக முடியும்.

உழவு முடிந்து யந்திரத்தைக் கொட்டகையில் விடும் நாளிற் செய்ய வேண்டியவை இன்னும் சில. எஞ்சின் ஆறிய பின் சேற்றைக் கழுவி, நீர்த் தொட்டியை வடித்து, எண்ணெயைப் புதிதாக மாற்றி, டீசல் தாங்கியை மூடிவரை நிரப்ப வேண்டும். நிரம்பிய தாங்கியில் ஈரம் படிய இடமில்லை. எலி கூடு கட்டாதபடி புகைபோக்கியின் வாயை ஒரு தகரத்தால் மூட வேண்டும். பின்னர் டீசல் விடாமல் எஞ்சினை மெல்லச் சுழற்றி, கை தடைபடும் அந்த இடத்தில், எதிர்ப்பு மிகுந்த நிலையிலேயே நிறுத்தி விட்டுவிடல் வேண்டும். அந்நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். மழைக்கால ஈரம் சிலிண்டருக்குட் புகாது. மாதம் ஒருமுறை தகரத்தை எடுத்துவிட்டுச் சில சுற்றுச் சுழற்றி, மீண்டும் அதே இடத்தில் நிறுத்தி, தகரத்தைப் பழையபடி மூடி வைக்கலாம். கொட்டகையின் கதவைத் திறந்து வைத்தே எஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டும். மூடிய அறையில் அதன் புகை உயிரைக் கொல்லும்.